கேள்வி – பதில்: கட்டமைப்புப் பொறியியல் படித்தால் வேலை எங்கே?

கேள்வி: மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். சாலிட் மெக்கானிக்ஸ்தான் எனக்குப் பிடித்த பாடம். ஆனால் வளாக நேர்காணலுக்கு வரும் எந்த நிறுவனமும் அந்தப் பெயரில் ஆள் எடுப்பதில்லை. நண்பர்கள் மென்பொருள் பக்கம் போகச் சொல்கிறார்கள். இதை நம்பி மேற்படிப்புக்குப் போகலாமா?
– மாணவர் ஒருவர், நாமக்கல்

பதில்: அந்தப் பெயரில் விளம்பரம் வராது என்பது உண்மைதான். சுமை ஏறும்போது ஒரு பொருளில் எங்கே எவ்வளவு தகைவு (ஸ்ட்ரெஸ்; ஓரலகு பரப்பில் உள்ளே எழும் விசை) உண்டாகிறது, எப்போது அது நெளியும், எப்போது விரிசல் விடும் என்று கணக்கிடத் தெரிந்தவர்களைத் தேடும் நிறுவனங்கள், ‘சி.ஏ.இ. பொறியாளர்’ (கணினி வழியே வடிவமைப்பைச் சோதிப்பவர்), ‘ஸ்ட்ரெஸ் அனலிஸ்ட்’, ‘கிராஷ்’ (மோதல் ஆய்வு), ‘டியூரபிலிட்டி’ (நீடித்து உழைக்கும் திறன்) என்றெல்லாம் குறிப்பிட்டுத்தான் ஆள் கேட்கின்றன. சென்னையைச் சுற்றியுள்ள வாகன நிறுவனங்களில் இத்தகைய பணிகள் கணிசமாக உள்ளன. ஆகையால் வேலை தேடும்போது இந்தச் சொற்களையும் இட்டுத் தேடிப் பாருங்கள்.

ஆராய்ச்சி என்று வந்தால் கல்பாக்கத்தை முதலில் சொல்வேன். அங்குள்ள 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலை என்னும் அணு உலையில் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம்; உலையின் மையத்தைக் கடந்து வெளிவரும்போது அதன் வெப்பநிலை சுமார் 547 டிகிரி செல்சியஸ். சோடியம் குறைந்த அழுத்தத்திலேயே இயங்குவதால் கலனின் சுவர் மெல்லியதாக இருந்தால் போதும். தடிமனைக் கூட்டினால் உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் வெப்பநிலை வேறுபட்டு, அதனாலேயே தகைவு ஏறிவிடும். மெல்லிய சுவரோ நிலநடுக்கத்தின்போது நெளிந்துவிடக் கூடும். அத்துடன் அந்த வெப்பத்தில் எஃகு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நீளவும் செய்யும். இம்மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத் தடிமனை முடிவுசெய்வது திண்ம இயக்கவியல், அதாவது நீங்கள் சொல்லும் சாலிட் மெக்கானிக்ஸ், அறிந்தவர்களின் வேலை. அணுசக்தித் துறைக்கு விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சிப் பள்ளிக்கு, ‘கேட்’ (பொறியியல் மேற்படிப்புக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண்ணும் நேர்காணலும் ஒரு வழி.

மென்பொருளைப் பற்றி நண்பர்கள் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், ராக்கெட் பாகங்களின் வலிமையைக் கணக்கிட ‘ஃபீஸ்ட்’ என்னும் ஃபைனைட் எலிமெண்ட் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) மென்பொருளைத் தானே உருவாக்கியிருக்கிறது. இயக்கவியலும் நிரல் எழுதுவதும் சேர்ந்து வந்தவர்களுக்கு இத்துறையில் என்றுமே தட்டுப்பாடுதான். கேட் தேர்வில் மெக்கானிக்கல் தாளை எழுதலாம். கணிதத்தில் தெம்பு இருந்தால் எக்ஸ்.இ. (பொறியியல் அறிவியல்) தாளில் திண்ம இயக்கவியல் பகுதியைத் தேர்ந்தெடுத்தும் எழுதலாம்.

கேள்வி: என் மகள் சிவில் முடித்திருக்கிறாள். டிசைன் அலுவலகத்தில் தரும் சம்பளம் மிகக் குறைவாக இருக்கிறது. எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படிக்க வைக்கலாமா? பிஎச்.டி. வரை போனால் பயன் உண்டா?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: தொடக்கச் சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் இத்துறை தோற்றுத்தான் போகும், அதை மறைப்பதில் பயனில்லை. இங்கே மதிப்பு உயர்வது, ஒரு வரைபடத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் தகுதி வரும்போதுதான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடச் செங்குத்தாக உயரும் கண் (இரு தாங்கிகளுக்கு இடைப்பட்ட பாலப் பகுதி) 72.5 மீட்டர் நீளமுள்ளது. அந்த வடிவமைப்பை வேறொரு குழு முதலிலிருந்து சரிபார்த்தாக வேண்டும், சென்னை ஐ.ஐ.டி. அந்தப் பணியில் ஈடுபட்டது. ‘புரூஃப் செக்கிங்’ எனப்படும் இந்தச் சரிபார்ப்பே தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் மேற்படிப்பு முடித்தவர்களையே அதற்கு எடுக்கிறார்கள். ஆகவே எம்.இ. படிப்பது நல்லதே.

கேட் மதிப்பெண்ணுடன் அரசு நிதியுதவி பெறும் கல்லூரிகளில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். பிஎச்.டி.க்கு ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023ஆம் ஆண்டு உயர்வின்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும், இவற்றுக்கு மேல் வீட்டு வாடகைப் படியும் உண்டு. பெரிய தொகை என்று சொல்ல முடியாது. ஆனாலும் பெற்றோரிடம் கை நீட்டாமல் படித்து முடிக்கலாம்.

முடிந்தால் ஒருமுறை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்துக்கு மகளை அழைத்துச் செல்லுங்கள். 1965இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு ஆய்வகம் அது. செயற்கையாக அதிர வைத்துச் சோதிக்கும் நிலநடுக்க மேடை, காற்றுச் சுரங்கம் எல்லாம் அங்கே உண்டு. மின்கோபுரங்களை உண்மை அளவிலேயே நிறுத்திச் சோதிக்கும் நிலையமும் அவர்களிடம் இருக்கிறது. கம்பிகளைக் கட்டி இழுத்து, வடிவமைப்புச் சுமையில் பாதி, முக்கால் பங்கு, 90, 95 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றி, 100 சதவீதத்தில் சிறிது நேரம் நிறுத்திப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் உடையும் வரை இழுப்பதும் உண்டு. கணக்கில் தாங்கும் என்றிருந்த ஒரு குறுக்குச் சட்டம் முன்கூட்டியே நெளிந்தால், போல்ட் துளை எங்கே இருந்தது, மூட்டில் சுமை மையம் விலகியதா என்று தேடும் வேலை அங்கிருந்துதான் தொடங்கும். அதைப் பார்த்து அவருக்கு ஆர்வம் பிறந்தால் பிஎச்.டி.யைப் பற்றி யோசிக்கலாம். அங்கேயே பதிவுசெய்யவும் வழி இருக்கிறது. ஆசிரியர் வேலைக்குத் தகுதி வேண்டும் என்பதற்காக மட்டும் சேர்வதாக இருந்தால், ஐந்து ஆண்டு நீண்ட காலம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: ஈடேப்ஸ், ஸ்டாட் புரோ என்னும் கட்டமைப்பு வடிவமைப்பு மென்பொருள்கள் இரண்டிலும் சான்றிதழ்ப் பயிற்சி முடித்துவிட்டேன். அது போதாதா?
– வாசகி, ஈரோடு

பதில்: போதாது. மென்பொருளில் கூர்மையான உள்மூலை கொண்ட ஒரு தகட்டை வரைந்து இழுத்துப் பாருங்கள். மெஷ்ஷை, அதாவது கணக்குக்காகத் தகட்டைப் பிரிக்கும் கட்டங்களை, சிறிதாக்கச் சிறிதாக்க அந்த மூலையில் தகைவு ஏறிக்கொண்டே போகும். எந்த எண்ணிலும் நிற்காது. மீள்திறன் கோட்பாட்டின்படி அங்கே தகைவுக்கு வரம்பே இல்லை என்பதால்தான் அப்படி. இது தெரியாதவர் கடைசியாகத் திரையில் வந்த எண்ணை அறிக்கையில் எழுதிவிடுவார். நேர்காணலில் ஒரு கேன்டிலீவரின் (ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட விட்டத்தின்) தொய்வைத் தாளில் போடச் சொல்வது இதை அறியத்தான். பயிற்சி வீண் இல்லை. ஒவ்வொரு விடையையும் கைக்கணக்கால் தோராயமாகச் சரிபார்க்கும் பழக்கத்தை அத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாகக் கட்டுமானத் தளத்தில் பணிபுரிகிறேன். இனி ஆராய்ச்சிக்கு வரலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: தாராளமாக வரலாம். வேலையை விடாமல் பகுதிநேரமாகப் பதிவுசெய்யும் வசதி அண்ணா பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல இடங்களில் உண்டு. கடற்கரை ஊரில் இருக்கிறீர்கள்; உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்து, துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும் தூண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எஞ்சியிருக்கும் வலிமை எவ்வளவு என்று கணிப்பதும், இடிக்காமல் வலுவூட்டுவதும் இன்றும் முடிவுறாத ஆய்வுப் பொருள்கள். வழிகாட்டிக்கு எழுதும்போது தன்விவரக் குறிப்பு மட்டும் போதாது. நீங்கள் நேரில் கண்ட ஒரு பழுது, விரிசலின் அகலம், கட்டடத்தின் வயது, கம்பியின் மேல் இருக்கும் கான்கிரீட்டின் கனம், முன்பு செய்த பழுதுபார்ப்பு ஆகியவற்றை இரண்டு பக்கத்தில் அளவுகளோடு எழுதி, புகைப்படங்களுடன் அனுப்புங்கள். பேராசிரியர்களுக்கு வரும் விண்ணப்பங்களில் அப்படிப்பட்டவை மிகக் குறைவு.