கறுப்பு ஸ்பாஞ்சு 20 லிட்டர் தருமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்க 20 லிட்டர் கேன் வாங்குகிறோம், 35 ரூபாய். போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கண்காட்சியில் சூரிய ஒளிப் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். உள்ளே இருக்கும் கறுப்பு ‘நானோ ஸ்பாஞ்சு’ உப்புத் தண்ணீரை ஆவியாக்கி நல்ல தண்ணீராக்குமாம், நாளுக்கு 20 லிட்டர். விளக்கைப் போட்டதும் ஆவி பறந்தது. சொட்டிய தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) வெறும் 8. மூன்றடிக்கு இரண்டடிப் பெட்டி, விலை 18,500 ரூபாய். ‘ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 2.5 லிட்டர்’ என்று நோட்டீஸில் இருக்கிறது. மாமியார் வாங்கச் சொல்கிறார், வீட்டுக்காரர் யோசிக்கிறார். வாங்கலாமா?

பதில்: நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். மாமியார் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் பார்த்த ஆவி நிஜம்தான். ஒளியை வாங்கிச் சூடாக மாற்றும் இந்த ஒளிவெப்பப் பொருள்களில் ஏமாற்று எதுவும் இல்லை. கரி, கிராஃபைட், கிராஃபீன், கருக்கிய மரம், ஹைட்ரோஜெல் என்று பலவற்றை ஆராய்ந்து வருகிறார்கள். பழைய சூரியப் பெட்டிகளில் தொட்டித் தண்ணீர் முழுவதும் சூடாக வேண்டும். இதில் மிதக்கும் ஸ்பாஞ்சு மேல்பரப்புத் தண்ணீரை மட்டும் சூடாக்குவதால் ஆவி சீக்கிரம் கிளம்புகிறது.

டிடிஎஸ் 8 என்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பு வராது, குக்கர் மூடியில் சொட்டுவதை அளந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் காட்டும். எத்தனை லிட்டர் கிடைக்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். அதற்கு கரன்ட் பில் போடத் தெரிந்தால் போதும். சென்னையில் ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு நாளில் விழும் வெயில் சராசரியாக 5 யூனிட்டுக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க சுமார் 0.65 யூனிட் சூடு செலவாகும். உங்கள் பெட்டி அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அதில் விழுவது 3 யூனிட் என்றே வையுங்கள். ஒரு துளி சூடு வீணாகாவிட்டாலும் ஐந்து லிட்டரை எட்டாது. வீணாகாமலும் இருக்காது: கண்ணாடி சூட்டை வெளியே விடும், அதில் படியும் நீர்த்துளிகள் வெளிச்சத்தை மறிக்கும், கொஞ்சம் ஆவி இடுக்கு வழியே போய்விடும். நல்ல வெயில் நாளில் கைக்கு வருவது ஒன்றரை, இரண்டு லிட்டர். ஐப்பசி அடைமழையில் அதுவும் இல்லை.

அப்படியானால் நோட்டீஸில் உள்ள 2.5 லிட்டர்? ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் பாத்திரத்தைத் தராசின் மேல் வைத்து, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். காற்றில் போன ஆவியின் கணக்கு அது, பிடித்துக் குடத்தில் சேர்த்ததன் கணக்கு இல்லை. விளக்கும் உச்சி வெயிலுக்குச் சமமாக எரியும். விற்பவர் அதை 8 மணி நேரத்தால் பெருக்கி 20 ஆக்கிவிட்டார். காலை 8 மணி வெயிலும் உச்சி வெயிலும் ஒன்றா? போதாததற்கு, பெட்டி ஒரு சதுர மீட்டரும் கிடையாது!

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். ஆவி குளிரும்போது விடும் சூட்டை அடுத்த அடுக்குக்குக் கொடுத்து மறுபடி பயன்படுத்தினால் கணக்கு மாறும். 2020இல் எம்.ஐ.டி. (குரோம்பேட்டையில் இருப்பது இல்லை, அமெரிக்காவில் இருப்பது) ஆய்வாளர்கள் பத்து அடுக்குக் கருவியில் சதுர மீட்டருக்கு மணிக்கு 5.78 லிட்டர் எடுத்துக் காட்டினார்கள். விற்பவரிடம் ‘எத்தனை அடுக்கு?’ என்று கேளுங்கள். முழித்தால் ஒன்றுதான்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். நாளுக்கு 2 லிட்டர் என்றால் பத்து நாளைக்கு ஒரு கேன் மிச்சம், வருஷத்துக்கு 1,300 ரூபாய்கூட வராது. 18,500 ரூபாயை எடுக்கப் பதினாலு வருஷத்துக்கு மேலாகும். அதுவரை ஸ்பாஞ்சு இருக்குமா? நம்ம பக்கத்துக் காட்டுப்பள்ளி கடல்நீர் ஆலை ஆர்.ஓ. முறையில் (தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பை வடிகட்டுவது) கட்டப்பட்டது. அந்த முறையில் கடல்நீரை ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீராக்க 3, 4 யூனிட் மின்சாரம் போதும். அதே ஆயிரம் லிட்டரை ஒரே அடுக்கில் ஆவியாக்க 650 யூனிட் சூடு. வெயில் இலவசம்தான், ஆனால் அதைப் பிடிக்கும் பரப்பளவுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறதே.

இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் வேண்டும், பிள்ளைகளுக்கு அறிவியல் காட்ட வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். குடிதண்ணீருக்கு வேண்டாம். போர் டிடிஎஸ்ஸை முதலில் அளந்து பாருங்கள். 2,000க்குள் இருந்தால் சாதாரண வீட்டு ஆர்.ஓ.வே சமாளிக்கும். கழிவுத் தண்ணீரை வீடு துடைக்கப் பிடித்து வையுங்கள்.

கேள்வி: எண்ணூரில் அதே மாதிரிப் பெட்டியை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஸ்பாஞ்சு மேல் வெள்ளையாக உப்பு பூத்துவிட்டது, அரை லிட்டர்கூட வருவதில்லை. ‘ஸ்பாஞ்சுக்கு வாரன்டி கிடையாது’ என்கிறார்கள். தண்ணீரில் லேசாக எண்ணெய் வாடையும் வருகிறது.

பதில்: முதலில் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்துங்கள். காய்ச்சி வடித்தால் உப்பு பின்தங்கும், ஆனால் பெட்ரோல் வகையறாக்கள் ஆவியோடு சேர்ந்தே வந்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைப் பார்த்த ஊர் உங்களுடையது. வாடை போரிலிருந்து வருகிறதா, பெட்டிக்குப் பூசிய பசையிலிருந்தா என்று பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

உப்பு பூப்பது இந்தப் பொருள்களின் பழைய வியாதி. வெள்ளை படிந்தால் வெளிச்சம் திரும்பிப் போய்விடும், துளைகளும் அடைபடும். தினமும் கழுவ வேண்டும் என்று விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் 20 லிட்டர் என்று அச்சடித்துக் கொடுத்திருந்தால், வாரன்டி இல்லை என்று அவர்கள் தப்ப முடியாது. அது தவறான விளம்பரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். பலன் இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பில்லும் நோட்டீஸும் பத்திரம். ஒரு வாரத்துக்குக் காலை முதல் மாலை வரை சேரும் தண்ணீரை அளவு ஜாடியில் பிடித்து, தேதி தெரிய படம் எடுங்கள். அதற்கு முன்னால் ஸ்பாஞ்சைக் கழுவிவிடாதீர்கள், உப்போடு ஒரு படம் வேண்டும்.