3,000 ரூபாய்க்குள் கேம், பாட்டு, படம் மூன்றுக்கும் சேர்த்து எந்த ஹெட்போன் வாங்கலாம்?

கேள்வியில் இருக்கும் விவரம் இவ்வளவுதான்: வீட்டில் டெஸ்க்டாப், இரவில் நண்பர்களோடு வேலரண்ட் என்ற ஆன்லைன் சுடும் கேம், மற்ற நேரம் பாட்டு, வார இறுதியில் படம், கையில் 3,000 ரூபாய். கேமிங் ஹெட்செட் என்று தேடினால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவதை நிறுத்துங்கள். கம்பி உள்ள ஒரு ஐ.இ.எம். (இன்-இயர் மானிட்டர், காதுக்குள் செருகும் இயர்போன்), தனியாக ஒரு காலர் மைக், இவ்வளவு போதும். இந்த முடிவுக்கு வருவதற்குள் நான் இரண்டு ஹெட்செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

முதல் ஹெட்செட்டில் காது மூடி இரண்டிலும் கலர் கலராக விளக்கு எரியும். மாட்டிக்கொண்ட பிறகு அந்த விளக்கு எனக்குத் தெரியவே தெரியாது என்பது காசு கொடுத்து ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. ஏழாவது மாதம் இடது காது ஊமையானது. வயர் உள்ளே நுழையும் கழுத்துப் பகுதியை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால் மட்டும் சத்தம் வரும். ஒரு கையால் வயரைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் விளையாடுவது? அதற்குள் காதுப் பஞ்சின் மேல் இருந்த ரெக்ஸின் தோலும் உரிய ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா, "என்னடா, காதெல்லாம் கரி?" என்றார். தொட்டுப் பார்த்தால் கறுப்புச் செதில்.

நம் ஊர் வெயிலில் இது நடக்கத்தான் செய்யும். அந்தச் செயற்கைத் தோல் வியர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் தாங்காது. மே மாதம் ஏசி இல்லாத அறையில் காதை முழுதாக மூடும் ஹெட்போனோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துணிப் பஞ்சு கொஞ்சம் தேவலை, ஆனால் மலிவு ஹெட்செட்டில் அது அபூர்வம்.

பணக் கணக்கையும் பாருங்கள். 2,000 ரூபாய் ஹெட்செட்டில் விளக்குக்கு ஒரு பங்கு, மைக்குக்கு ஒரு பங்கு, பளபளப்பான பெட்டிக்கு ஒரு பங்கு. மிச்சம் இருப்பதுதான் ஒலிக்கு. ஐ.இ.எம்.மில் வெளிக்கூடும் உள்ளே இருக்கும் சின்ன ஒலிபெருக்கியும் தவிரச் செலவு செய்ய வேறு இடம் அதிகம் இல்லை. மேடைக் கச்சேரியில் பாடகர்கள் காதில் செருகியிருப்பார்களே, அந்த வகைதான். பத்து வருடங்களாகச் சீன நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு இதன் விலையைத் தரைக்குக் கொண்டுவந்துவிட்டன. ஆயிரத்தை ஒட்டி வாங்குவதென்றால் கேஇசட் இடிஎக்ஸ் ப்ரோ. இரண்டாயிரத்தை ஒட்டி வாங்குவதென்றால் மூன்ட்ராப் சூ 2. இரண்டிலும் வயரைக் கழற்றி மாற்றலாம். என் முதல் ஹெட்செட் செத்த அதே வியாதி வந்தாலும் சில நூறு ரூபாய் வயரோடு போகும். விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வைத்திருப்பது சூ 2. மாட்டியதும் எண்பதுகளின் பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். ஹெட்செட்டில் அதன் பேஸ் கிட்டார் வெறும் தொம் தொம் என்றுதான் கேட்கும். இதில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நடந்து போனது. ஒரு இடத்தில் விரல் கம்பியில் வழுக்கும் சத்தம் கூடக் கேட்டது. இருபது வருடமாகக் கேட்கும் பாட்டு, அந்த வழுக்கலை அன்றுதான் கேட்டேன்.

கேமிலும் இதே கதைதான். கேமிங் ஹெட்செட் பலவற்றில் குண்டு வெடிப்பது பிரம்மாண்டமாகத் தெரிவதற்காக பேஸை, அதாவது தொம் என்ற கனத்த அடி ஒலியை, ஊதி வைத்திருப்பார்கள். காலடிச் சத்தம் பெரும்பாலும் நடு அலைவரிசையிலும் அதற்குக் கொஞ்சம் மேலேயும் இருக்கிறது. ஊதிய பேஸ் அதை மூடிவிடும். எதிரி படியேறி வருவது தெரிய வேண்டும் என்றால் பேஸ் அடக்கமாக இருப்பதே நல்லது.

பெட்டியில் 7.1 (ஏழு ஒலிபெருக்கியும் ஒரு பேஸ் பெட்டியும் சுற்றி இருப்பதுபோன்ற சரவுண்டு ஒலி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்கு மயங்க வேண்டாம். இந்த விலையில் காதுக்கு ஒரு ஒலிபெருக்கிதான், இரண்டு காதுக்கு இரண்டு. மீதியெல்லாம் மென்பொருள் காட்டும் வித்தை. அந்த வித்தையும் உங்களிடம் இலவசமாகவே இருக்கிறது. வேலரண்டின் ஆடியோ செட்டிங்கில் எச்ஆர்டிஎஃப் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ஒலி எந்தப் பக்கத்திலிருந்து, எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதைக் சராசரிக் காதின் வடிவத்தை வைத்துக் கணக்குப் போட்டுத் தரும். சாதாரண இரண்டு காது ஹெட்போனுக்காகவே செய்தது அது. அப்போது விண்டோஸிலோ வேறெங்கோ இருக்கும் சரவுண்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் திசை குழம்பும். படம் பார்க்கும்போது வேண்டுமானால் விண்டோஸிலேயே இருக்கும் விண்டோஸ் சோனிக்கைப் போட்டுப் பாருங்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. சிலருக்குப் பிடிக்கும்.

அப்புறம் மைக். நண்பர்களோடு பேச மட்டும் என்றால், இடிஎக்ஸ் ப்ரோவிலேயே வயரில் மைக் உள்ள வகை கிடைக்கிறது, அதுவே போதும். குரல் தெளிவாக இருக்க வேண்டும், ஆன்லைன் வகுப்பும் உண்டு என்றால் போயா பிஒய்-எம்1 மாதிரி ஒரு காலர் மைக். வயர் ஆறு மீட்டர் நீளம், மேசைக்கடியில் சுருட்டித்தான் வைக்க வேண்டும். ஆனால் ஆயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும் ஹெட்செட் எதன் மைக்கும் இதன் பக்கத்தில் நிற்காது. சட்டையில் குத்தாமல் மானிட்டருக்குக் கீழே வாய்க்கு நேராக ஒட்டி வைத்திருக்கிறேன், சட்டை உரசும் சத்தம் வராது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டெஸ்க்டாப்பில் ஒலிக்குப் பச்சை, மைக்குக்கு ரோஸ் என்று இரண்டு ஓட்டை. மைக் உள்ள இயர்போனுக்கும் காலர் மைக்குக்கும் வருவது போனுக்கான ஒற்றைப் பின். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைப் பையன் எனக்குப் பாடமே நடத்தினான். பின்னை எடுத்து, நகத்தால் கறுப்பு வளையங்களை எண்ணிக் காட்டி, "ரெண்டு வளையம்னா பாட்டு மட்டும்ணா, மூணு வளையம்னா மைக்கும் சேர்த்து" என்றான். மூன்று வளையப் பின்னை நேராக ரோஸ் ஓட்டையில் செருகினால் மைக் வேலை செய்யாமல் போகலாம். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். லேப்டாப் என்றால் பெரும்பாலும் ஒரே ஓட்டை, மைக் உள்ள இயர்போன் அப்படியே பொருந்தும்.

ரிச்சி தெருவைப் பற்றி இன்னொன்று. வயர், ஸ்ப்ளிட்டர், டாங்கிள் (யு.எஸ்.பி. ஓட்டையில் செருகும் சின்னக் கருவி) எல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம். பெரிய பிராண்டு ஹெட்போனைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் மட்டும் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

புளூடூத் வேண்டவே வேண்டாம், குறைந்தபட்சம் கேமுக்கு. சாதாரண புளூடூத்தில் ஒலி காதுக்கு வர ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு, சில சமயம் நாலில் ஒரு பங்கு கூடத் தாமதமாகும். படம் பார்க்கும்போது இது பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் வீடியோ பிளேயர் காட்சியையும் அதே அளவுக்குப் பிடித்து வைத்து உதட்டசைவோடு பொருத்திவிடும். கேமில் யாரும் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். சுட்ட சத்தம் கேட்பதற்குள் நீங்கள் செத்திருப்பீர்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. புளூடூத் ஹெட்செட்டின் மைக்கை ஆன் செய்ததும் கணினி அதைத் தொலைபேசி முறைக்கு மாற்றும். அதுவரை நன்றாக இருந்த பாட்டு அந்தக் காலத்து டிரங்க் கால் மாதிரி ஆகிவிடும். தனி யு.எஸ்.பி. டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ்ஸில் இந்த இரண்டு பிரச்சினையும் இல்லை, ஆனால் நல்லது உங்கள் பட்ஜெட்டில் வராது.

வாங்கி மாட்டியதும் மெல்லிய இரைச்சல் வந்தால் ஹெட்போனைத் திட்டாதீர்கள். என் கணினியின் முன்பக்க ஜாக்கில் செருகினால், மவுஸை நகர்த்தும் போதெல்லாம் கிர்ர் என்று ஒரு சத்தம் கூடவே நகரும். முன்பக்க ஜாக்குக்கான வயர் கேபினட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டைத் தாண்டி ஓடி வருகிறது, வழியில் இருக்கும் மின் இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும். பின்பக்கப் பச்சை ஜாக்குக்கு மாற்றியதும் முக்கால்வாசி போனது. மீதிக்கு ஒரு யு.எஸ்.பி. சவுண்டு டாங்கிள் வாங்கினேன். ஐ.இ.எம். சின்ன இரைச்சலையும் காட்டிக்கொடுக்கும், அதுதான் அதன் குணம், குற்றமும் அதுவே.

பின்பக்கம் செருகுவதில் இன்னொரு சிக்கல்: ஐ.இ.எம். வயர் ஒன்றேகால் மீட்டர்தான் இருக்கும். கேபினட் மேசைக்குக் கீழே இருந்தால் எட்டாது. எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படத்துக்கு வருவோம். ஓடிடியில் தமிழ்ப் படம் பார்ப்பவர்களின் பொதுவான புலம்பல், வசனம் கிசுகிசுப்பாகக் கேட்கிறது, கூட்டிவைத்தால் சண்டைக் காட்சியில் காது கிழிகிறது என்பது. இதை எந்த ஹெட்போனும் தீர்க்காது. பல கணினிகளில் சவுண்டு செட்டிங்கில் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் என்று ஒன்று இருக்கும். படம் பார்க்கும்போது மட்டும் அதைப் போடுங்கள், மேலேயும் கீழேயும் குதிக்கும் ஒலியைச் சமன் செய்துவிடும். பாட்டுக்கு அதை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பாட்டு தட்டையாகிவிடும்.

ஐ.இ.எம்.மில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மாட்டிக்கொண்டு முறுக்கு சாப்பிட முடியாது, தலைக்குள் மாவு மில் ஓடும். உங்கள் குரலே உங்களுக்கு அடைத்துக் கேட்பதால் மைக்கில் கத்திப் பேசுவீர்கள், பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். காலிங் பெல் கேட்காது. ஆனால் வெளிச் சத்தம் உள்ளே வராததில் ஒரு லாபம் உண்டு. ஃபேன் ஐந்தில் ஓடினாலும் அதை அமுக்க வால்யூமை ஏற்ற வேண்டியதில்லை. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இரவு முழுக்க விளையாடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை.

சிலருக்குக் காதுக்குள் எதையும் செருகினாலே வலிக்கும். அவர்கள் பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டி ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸைப் பார்க்கலாம். பாட்டுக்கு நேர்மையான ஹெட்போன், மூன்று மீட்டர் வயர் என்பதால் பின்பக்க ஜாக்கு எட்டும், மைக் கிடையாது. மைக்கோடு ஒட்டியதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர். அதில் மைக்கை மேலே தூக்கினால் தானாக மியூட் ஆகும். வீட்டில் யாராவது திட்டும்போது உதவும்.

கடைசியாக, ஐ.இ.எம். வாங்கினால் முதல் நாள் நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். வயரைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் விட வேண்டும் என்று தெரியாமல், சாதாரண இயர்போன் மாதிரி தொங்கவிட்டு மாட்டினேன். பேஸ் கொஞ்சம் கூட இல்லை. இரண்டாயிரம் போச்சு என்று திருப்பி அனுப்பப் பெட்டியைக் கூட ஒட்டிவிட்டேன். மனசு கேட்காமல் பிரித்து, உள்ளே இருந்த ரப்பர் டிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். காது நன்றாக அடைபட்ட நொடியில் பேஸ் வந்து உட்கார்ந்தது. இடது காதுக்கு நடு அளவு, வலது காதுக்குப் பெரியது. இரண்டு காதும் ஒரே அளவு இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.