கிணற்றோரம் உட்கார்ந்தவனிடம் கேட்டவை: பறவை, விலங்குப் படங்கள் பற்றிய கேள்வி பதில்

காங்கயம் பக்கத்துத் தோட்டக்காரன் நான். 22 ஆண்டுகளாகக் கேமராவும் கையுமாகக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்திலும் குளக்கரையிலும் அலைகிறேன். பறவை, விலங்குகளைப் படம் எடுப்பது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று அறிவித்திருந்தேன். குவிந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். பாதிப்பேர் கேட்டது 'எந்த கேமரா வாங்கலாம்' என்றுதான். அதற்கு ஒரே பதில்தான், நடுவில் வரும்.

பல்லடம், விசைத்தறி உரிமையாளர்: ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அன்றைக்கு வால்பாறை, டாப்சிலிப் என்று ஓடுகிறேன். மூன்று வருடமாகியும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு படம் இல்லை. எனக்குப் பொறுமை போதவில்லையா?

பொறுமை இருக்கிறது. இல்லாவிட்டால் வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை இத்தனை முறை ஏறி இறங்கியிருப்பீர்களா? உங்களுக்கு இல்லாதது பழக்கம். சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் எந்த மரத்துக்கு எப்போது வரும் என்று அங்கேயே குடியிருப்பவருக்குத் தெரியும். நீங்கள் போய் இறங்கும்போது மணி பத்து.

பல்லடத்திலிருந்து தெற்கே கொஞ்சம் வந்தாலே கொறங்காடு தொடங்கிவிடுகிறது. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே குடை பிடித்த மாதிரி வெள்வேல மரங்கள், மேயும் காங்கயம் மாடுகள். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது வெறும் பொட்டல். ஆறு மாதம் ஒரே காட்டுக்கு, ஒரே வேலிக்குப் போய்வாருங்கள். பனங்காடைக்கு என்று ஒரு கம்பம், கீச்சானுக்கு என்று ஒரு முள் இருப்பது தெரியவரும். மாடு நடந்தால் புல்லிலிருந்து பூச்சி கிளம்பும் என்பது உண்ணிக்கொக்குக்கும் கரிச்சான் என்கிற இரட்டைவால் குருவிக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்துவிட்டால் மாட்டுக்குப் பத்தடி முன்னால் கேமராவை வைத்துக் காத்திருப்பீர்கள்.

பஞ்சுருட்டானைப் பாருங்கள். கொம்பிலிருந்து பாய்ந்து தட்டானைப் பிடிக்கும், பெரும்பாலும் அதே கொம்புக்குத் திரும்பும், இரையைக் கொம்பில் நாலு அடி அடித்துவிட்டுத்தான் விழுங்கும். பறக்கிறதைத் துரத்திப் படம் எடுக்கிறவன் ஏமாந்து போவான். வெறும் கொம்பில் குவியத்தை வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறவனுக்கு அது தானாக வந்து உட்காரும்.

தாராபுரம், பள்ளி ஆசிரியர்: பறக்கும் பறவையை எப்போது எடுத்தாலும் வால்தான் கிடைக்கிறது. முகம் கிடைக்க என்ன வழி?

காற்றைக் கேளுங்கள். பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவையின் முகம் உங்கள் பக்கம். வெளிச்சமும் முதுகுப்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. இந்த இரண்டும் ஒன்றாக அமைகிற நேரத்தை நம் ஊர்க் காற்றே வகுத்துத் தந்திருக்கிறது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. உங்கள் ஊர்க் காற்றாலைகள் சுற்றுவதும் அதில்தான். அந்த மாதங்களில் மாலையில் போங்கள். சூரியனும் மேற்கே, காற்றும் மேற்கே. முதுகை மேற்கே காட்டி நின்றால் போதும். காலையில் போனால் சூரியன் கிழக்கே, காற்று மேற்கே, உங்களுக்கு மிஞ்சுவது வால். கார்த்திகை, மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது இது அப்படியே மாறும். அப்போது விடியற்காலைதான் நேரம். இது பிடிபட எனக்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை லென்சைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) ஏறுகிறதே என்று அஞ்ச வேண்டாம். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைத் தேற்றலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பும். அப்போது தூரத்துப் படம் எந்த விலை லென்சிலும் குழைந்துதான் வரும். வீட்டுக்குப் போய்க் கம்மங்கூழ் குடியுங்கள்.

கோபிசெட்டிபாளையம், கல்லூரி மாணவர் (இவரோடு இன்னும் பலர்): எந்த கேமரா வாங்கலாம் அண்ணா?

பழைய கேமரா உடல், நல்ல லென்ஸ். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு, கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராக்களைப் பலர் விற்றுவிட்டு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கி, 70-300 மில்லிமீட்டர் லென்சைப் பொருத்தி, இரண்டு வருடம் ஓட்டுங்கள் தம்பி. அதற்குள் உங்களுக்கு எது போதவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கடன் வாங்கி 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தவணை கட்டுவதற்காகக் கல்யாணப் படம் எடுக்கப் போனார்கள். பறவை பார்க்க நேரம் இல்லாமல் போய்விட்டது.

இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படச்சுருளில், தன் தேவைக்குத் தானே பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கேமராவை வைத்துக்கொண்டு காட்டு யானைகளை எடுத்தார். சுருளில் இருக்கும் படங்கள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். நாம் நொடிக்கு இருபது படம் சுட்டுத்தள்ளிவிட்டுப் பொறுமையைப் பற்றிப் பேசுகிறோம்.

சூலூர், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்: குளத்தில் கொக்கை எடுத்தால் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளிறிப்போகிறது. கரிச்சானை எடுத்தால் நிழலுருவம்தான் வருகிறது.

கேமரா எதைப் பார்த்தாலும் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். இருண்ட தண்ணீருக்கு நடுவே வெள்ளைக் கொக்கு நின்றால் வெளிச்ச அளவை ஒரு படி குறையுங்கள். வானத்தின் முன்னே கரிச்சான் என்றால் ஒரு படி கூட்டுங்கள். கொக்கின் இறகு மடிப்பு தெரிந்தால் அளவு சரி.

ஈரோடு, இல்லத்தரசி: எங்கள் எலுமிச்சைச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது. ஒரு கிளை மறைக்கிறது. அதை மட்டும் வெட்டிவிட்டு எடுக்கலாமா?

வேண்டாம் அம்மணி. இதை நான் சட்டம் படித்துச் சொல்லவில்லை, செய்துபார்த்துச் சொல்கிறேன்.

எனக்கும் ஒரு எலுமிச்சைச் செடிதான். கூட்டில் மூன்று குஞ்சுகள். முன்னால் ஒரே ஒரு கொப்பு, அதை ஒடித்தேன். தாய் ஊட்டுகிற படம் அழகாக வந்தது, வாய் சிவக்கத் திறந்தபடி மூன்றும். மறுநாள் காலை போனபோது செடியிலிருந்து செம்போத்து ஒன்று கனமாக இறங்கி வேலிக்குள் நுழைந்தது. கூடு காலி. அந்தக் கொப்பு எனக்கு மறைத்த மாதிரித்தான் செம்போத்துக்கும் மறைத்திருந்தது. அந்தப் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பி, பரிசும் வாங்கிவந்தேன். அப்போதுகூடப் புத்தி வரவில்லை. பரிசளித்தவர்கள் 'பின்னணி தெளிவாக இருக்கிறது' என்று பாராட்டியபோதுதான் உறைத்தது.

குஞ்சு பொரித்துப் பறக்க ஒரு மாதம்கூட ஆகாது. ஜன்னலுக்கு உள்ளே நின்று பாருங்கள், போதும். பறந்த பிறகு அவை வெளியே கொப்பில் உட்கார்ந்து தாயிடம் இரை கேட்டுக் கத்தும். அப்போது எடுங்கள், யாருக்கும் கேடில்லை. சட்டமும் இருக்கிறது: 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். தன் எல்லைக்குள் வேறொருவன் வந்துவிட்டான் என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு வருகிறது. என் தோட்டத்தில் அதை அனுமதிப்பதில்லை.

அவிநாசி, பனியன் நிறுவன ஊழியர்: நீங்கள் மிக அதிகமாகக் காத்திருந்து எடுத்தது எது?

புலியை எதிர்பார்த்திருப்பீர்கள். தூக்கணாங்குருவிதான்.

எங்கள் பழைய கிணற்றின் மேல் ஒரு வேலமரம் சாய்ந்து நிற்கிறது. மழை பெய்து சோளம் இடுப்பளவு வந்ததும் ஆண்குருவிகள் தலையில் மஞ்சள் ஏறி வந்து சேரும். சோளத்தோகையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வைத்து, நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும்; நார் நீளமாகக் கிழிந்து கையோடு வரும். கிணற்றுக்கு மேல் தொங்குவதால் பாம்புக்கும் அணிலுக்கும் எட்டுவது கடினம். ஆண் முழுக்கூட்டையும் கட்டாது. தலைக்கவசம் மாதிரி பாதி கட்டி நிறுத்திவிட்டு, சிறகடித்துக்கொண்டு அதில் தொங்கும். பெண் வந்து உள்ளே நுழைந்து, நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்தால் இருந்துவிடும், பிறகே ஆண் வாசல் குழாயைக் கட்டும். பிடிக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மாப்பிள்ளை வீடு பார்க்கப்போகும் நம் பெரியம்மாக்கள் இவ்வளவு கறாரா என்று தெரியவில்லை.

பெண் உள்ளே இருந்து நாரை இழுத்துப் பார்க்கும் அந்த நொடிதான் எனக்கு வேண்டியிருந்தது. 19 நாள், தினமும் விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை. முதல் நான்கு நாள் கேமராவை எடுத்துப் போகவே இல்லை. சாக்கை விரித்துச் சும்மா உட்கார்ந்தேன், என்னை ஒரு கல்லாக அவை எண்ணிக்கொள்ள வேண்டும் என்று. ஐந்தாம் நாள் எடுத்துப் போனேன். ஒருநாள் காற்று, ஒருநாள் மேகம், ஒருநாள் பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர். பதினொன்றாம் நாள் அந்த நொடி வந்தது. நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நாள்தான் கிடைத்தது. ஒரே படம், அதிலும் வாலின் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது.

ஆனால் அந்த நாட்களில் பார்த்தவற்றைச் சொல்ல வேண்டும். ஒரு சோம்பேறி ஆண், பக்கத்துக் கூட்டிலிருந்து நார் திருடியது. கூட்டின் உட்சுவரில் ஈர மண்ணை அப்புவதற்காக ஒன்று வாய்க்கால் மேட்டுக்கு நாற்பது முறை போய்வந்தது, எண்ணினேன். இவை ஒன்றும் படத்தில் இல்லை.

சத்தியமங்கலம், வாகன ஓட்டுநர்: திம்பம் பாதையில் யானை நின்றால் இறங்கி எடுக்கலாமா?

கூடாது. வண்டியை நிறுத்துவதும் கூடாது. அது புலிகள் காப்பகம், 2013இலிருந்து. யானை வேண்டுமானால் வனத்துறையே அழைத்துப்போகும் சவாரிகளில் போங்கள்.

பெருந்துறை, பெயர் வேண்டாம் என்றவர்: 'நாலு மணிக்கு எழுந்து குருவி பார்க்கப் போகிறீர்கள், பால் வாங்கி வர ஆளில்லை' என்கிறார் என் மனைவி. என்ன சொல்வது?

பால் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர் கேட்பது நியாயம்.

அன்னூர், பத்தாம் வகுப்பு மாணவி: என்னிடம் அப்பாவின் செல்போன் மட்டும்தான் இருக்கிறது.

நிறைய எடுக்கலாம் கண்ணு. தொலைவில் உள்ளதை விட்டுவிடு, பக்கத்தில் வருவதை எடு. முதல் மழை பெய்த மறுநாள் காலை செம்மண்ணில் தம்பலப்பூச்சி ஊரும், சிவப்புப் பட்டுத் துணியில் செய்த மாதிரி. மண்ணில் படுத்து, அதன் கண் உயரத்துக்குப் போனை இறக்கு. நின்றபடி மேலிருந்து எடுத்தால் அது ஒரு சிவப்புப் பொட்டுதான். படுத்து எடுத்தால் பெரிய மிருகம். வேலியில் கழுத்துச் சிவந்த ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். ஓரடி நட, நில், வேறெங்கோ பார், மறுபடி ஓரடி. நேராகப் பார்த்துக்கொண்டே போனால் ஓடிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் தேதியும் இடமும் எழுதிவை. தேவாங்கோ ஆந்தையோ தென்பட்டால் இடத்தை மட்டும் யாருக்கும் சொல்லாதே.

பொள்ளாச்சி, மருந்துக்கடைக்காரர்: மழைக்காலத்தில் லென்சுக்குள் பூஞ்சை வருகிறது. அரிசியில் போட்டு வைக்கலாமா?

அரிசியில் தூசு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், வாரம் ஒருமுறை எடுத்து வெயில் வெளிச்சத்தில் புழங்குங்கள். ஏசி காரிலிருந்து மலை ஈரத்தில் இறங்கினால் அரைமணி பையைத் திறக்க வேண்டாம், கண்ணாடி வியர்க்கும்.

திருப்பூர், மென்பொருள் பணியாளர்: வலசைப் பறவைகளுக்கு இந்தப் பக்கம் எங்கே போகலாம்?

உங்கள் வீட்டுப் பக்கமே நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2024இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஈரோட்டுக்கு அருகே வெள்ளோடு பறவைகள் சரணாலயம், அது 2022லேயே சேர்ந்துவிட்டது. கோவையில் சிங்காநல்லூர்க் குளம். ஐப்பசியிலிருந்து மாசி வரை எதுவானாலும் சரி. மூன்றுக்கும் ஒவ்வொரு வாரம் போவதைவிட ஒன்றுக்கு மூன்று வாரம் போங்கள்.

காங்கயம், ஊர்க்காரத் தம்பி: இந்த ஞாயிறு உங்கள் கிணற்றுக்கு வரலாமா அண்ணா?

வா. ஐந்தரைக்குள் வந்துவிடு, வெள்ளைச் சட்டை வேண்டாம். கேமரா முக்காலியைத் தூக்கிச் சுமக்காதே. ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ கொள்ளு கட்டிக்கொண்டு வா. கிணற்று மேட்டுச் சுவரில் வைத்து அதன் மேல் லென்சைக் கிடத்தினால் ஆடாது. எட்டு மணிக்கு அதை அண்ணியிடம் கொடுத்துவிட்டால் மதியம் கொள்ளுப் பருப்பு.