மல்லையில் ஓர் இரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(பள்ளி விடுமுறையில் மாமல்லபுரம் செல்லவிருக்கும் வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம்.)

கேள்வி: இரண்டு பிள்ளைகளோடும் மூட்டுவலியால் அவதிப்படும் மாமியாரோடும் மாமல்லபுரம் போகிறோம். காலையில் சென்னையிலிருந்து கிளம்பி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாமா? எதை முதலில் பார்ப்பது?
— வாசகி, சேலம்

பதில்: திரும்பிவிடலாம், ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சென்னையிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர்தான் என்பதால், பெரும்பாலோர் பதினொரு மணிக்கு வந்து இறங்கி, கருங்கல் கொதிக்கும் நேரத்தில் ஓட்டமும் நடையுமாக நான்கு இடங்களைப் பார்த்து, களைத்துப்போய் மூன்று மணிக்கு வண்டியேறிவிடுகிறார்கள். இந்த ஊர் தன்னைக் காட்டுவது காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும்தான். ஆகையால் முதல் நாள் பிற்பகலில் வந்து சேர்ந்து, ஓர் இரவு தங்கி, மறுநாள் நண்பகலுக்கு முன் கிளம்பும்படி திட்டமிடுங்கள். சேலத்திலிருந்து விருத்தாசலம் வழியாகச் செல்லும் ரயிலில் வருவதானால் செங்கல்பட்டில் இறங்கிப் பேருந்து பிடிப்பது, சென்னை வரை போய்த் திரும்புவதைவிட எளிது.

எதை எப்போது பார்ப்பது என்பதை வெயிலிடமே விட்டுவிடலாம். ஐந்து ரதங்களில் வரிசையாக நிற்கும் நான்கும் மேற்கு நோக்கியவை. மாலை வெயில் அவற்றின் முகத்தில் விழும். அர்ச்சுனன் தபசு என்னும் பெரும் பாறைச் சிற்பம் கிழக்கு நோக்கியது. காலை வெயிலில்தான் அதன் உருவங்கள் பாறையிலிருந்து எழுந்து வருவதுபோலத் தெரியும். எனவே முதல் நாள் மாலை ஐந்து ரதங்கள், மறுநாள் விடியலில் கடற்கரைக் கோயில், அதன்பின் அர்ச்சுனன் தபசு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சிறு நட்டம் உண்டு: ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே நுழைவுச்சீட்டுதான் என்றாலும் அது ஒரே நாளுக்கு உரியது, ஆகவே மறுநாள் மீண்டும் வாங்க நேரும். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பெரியவர்களுக்கு மட்டுமே அந்தச் செலவு. கிடைக்கும் காட்சிக்கு அது தகும்.

ஐந்து ரதங்களில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். நகுல சகதேவ ரதத்தின் பக்கத்தில் ஒரு கல் யானை நிற்கிறது. அதன் பின்புறமாகப் போய் நின்று, முதலில் யானையின் முதுகையும், பிறகு கோயிலின் கூரையையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வளைவு. தமிழில் இவ்வகைக் கட்டடத்துக்குத் 'தூங்கானை மாடம்' என்றே பெயர். அந்தப் பெயரின் பொருளை விளக்கத்தான் சிற்பி யானையைப் பக்கத்தில் நிறுத்தினானோ என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். பிறகு தருமராச ரதத்தின் உச்சியையும் அடித்தளத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். மேலே எல்லாம் முடிந்திருக்கும், கீழே கல் கரடுமுரடாகவே நிற்கும். பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து வந்தார்கள் என்பதையும், ஏழாம் நூற்றாண்டில் ஏதோ ஒரு நாளில் அந்த வேலை நின்றுபோனது என்பதையும் பாடப்புத்தகம் இல்லாமலே அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மாமியாருக்கு மலைப்பாதை வேண்டாம். கலங்கரை விளக்கத்துக்கும் மகிடாசுரமர்த்தினி குகைக்கும் படியேற வேண்டும். ஆனால் அர்ச்சுனன் தபசும், அதற்கு அருகிலுள்ள கிருஷ்ண மண்டபமும் தெருமட்டத்திலேயே இருக்கின்றன. நீங்கள் பிள்ளைகளோடு குன்றேறும் நேரத்தில் அவர் கிருஷ்ண மண்டபத்தின் நிழலில் நின்று, பால் கறக்கும் சிற்பத்தைப் பார்க்கட்டும். கறப்பவன் குந்தி அமர்ந்திருக்க, பசு கழுத்தைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும். மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவராக இருந்தால் அந்த இடத்தை விட்டு அவரை எளிதில் கிளப்ப முடியாது. தபசுப் பாறையில், ஒற்றைக்காலில் தவம் செய்யும் முனிவரைப் போலவே முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் பூனையையும், அதை நம்பிச் சுற்றிக் கூடிய எலிகளையும், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும் யார் முதலில் கண்டுபிடிப்பது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

கேள்வி: கடற்கரை ஊரில் மீன் சாப்பிடாமல் வர மனமில்லை. ஆனால் சென்ற முறை ஒரு கடையில் விலை கேட்காமல் சாப்பிட்டு, பில்லைப் பார்த்துத் திகைத்துப்போனோம். எந்த மீனை, எப்படிக் கேட்டு வாங்குவது?
— வாசகர், மதுரை

பதில்: அதே அனுபவம் எனக்கும் ஏற்பட்டிருக்கிறது. கடற்கரையை ஒட்டிய உணவகங்கள் பலவற்றில், அன்றைய மீனைத் தட்டில் வைத்து மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார்கள். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டால் பேரம் முடிந்துவிட்டதாகப் பொருள். தலையாட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எடை எவ்வளவு, இந்த மீனுக்கு மொத்தம் எவ்வளவு, சமையல் கூலியும் அதில் அடக்கமா. கிலோவுக்கு இவ்வளவு என்ற பதிலை மட்டும் ஏற்காதீர்கள். இப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல கடைக்காரர் கேட்டவுடன் தராசைக் காட்டுவார்.

மீன் புதியதா என்று பார்ப்பதற்கு, செவுளைத் தூக்கிப் பாருங்கள். இரத்தச் சிவப்பாக இருந்தால் அன்றைய மீன், பழுப்பேறியிருந்தால் தொடாதீர்கள். கண் குழிவிழாமல் தெளிவாகவும் புடைத்தும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை மீள வேண்டும். துண்டு போட்ட வஞ்சிரத்தில் இந்தச் சோதனைகளில் பாதியைச் செய்ய முடியாது என்பதால், முழு மீனாகவே கேட்பது நல்லது. சங்கராவும் கொடுவாயும் முழுதாகப் பொரிக்க ஏற்றவை. நெத்திலி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வறுத்த நெத்திலியின் சுவைக்கும் விலைக்கும் பெரிய மீன் எதுவும் ஈடாகாது என்பது என் துணிபு. வெளிநாட்டுப் பயணிகளுக்காகப் பழகிப்போன பூண்டும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்ட மீனைவிட, மிளகாய்த்தூளும் மஞ்சளும் இஞ்சிபூண்டு விழுதும் எலுமிச்சைச் சாறும் பூசி, அரைமணி நேரம் ஊறவைத்து, தோசைக்கல்லில் போட்டெடுப்பதே நம் நாக்குக்கு உகந்தது. அப்படிச் செய்து தரச் சொன்னால் தயங்காமல் செய்து தருவார்கள்.

அதிகாலையில் எழ முடிந்தால் மீனவர் குப்பத்துப் பக்கம் நடந்து பாருங்கள். ஃபைபர் படகுகள் அலையின் மேல் ஏறி மணலில் வந்து மோதி நிற்கும். ஆண்கள் வலையிலிருந்து மீனை ஒவ்வொன்றாகக் கழற்றிப்போட, பெண்கள் அதை இனம் பிரித்துக் கூடைகளில் கொட்டுவார்கள். விலை நொடியில் முடிந்துவிடும். அவர்களுடைய வேலைக்கு இடையில் புகுந்து நிற்காமல் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதே மரியாதை.

காலக்கணக்கு ஒன்றும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கே உரியது. நாட்டுப்படகுகள் சென்று வருவதால் மீன் அடியோடு இல்லாமற் போகாது, வரத்துக் குறைந்து விலை ஏறும். அந்த மாதங்களில் பெரிய வஞ்சிரம் தட்டில் வந்தால், அது எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் பனிக்கட்டியில் இருந்தது என்று கேட்பதில் தவறில்லை.

கேள்வி: நாங்கள் சைவம். எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பேருந்து நிலையத்தைச் சுற்றி இட்லி, பொங்கல், சாப்பாடு தரும் சைவ உணவகங்கள் உள்ளன, வயிற்றுக்குக் குறைவிராது. மாலையில் கடற்கரையில் விற்கும் தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டலை அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு வாங்குங்கள். கும்பகோணத்துக் காப்பியை மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கேள்வி: நண்பர்களோடு வருகிறோம். கடலில் குளிக்கலாமா? அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளலாம் என்கிறார்களே, நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தால் போதுமா?
— கல்லூரி மாணவர், கோவை

பதில்: தம்பி, இந்தப் பதிலை உங்கள் நண்பர்கள் அனைவருக்கும் படித்துக் காட்டுங்கள். மாமல்லபுரத்துக் கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் இந்தக் கரையோரம் மாணவர்கள் மூழ்கிய செய்தியைப் படிக்கிறோம். அவர்களில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு. கிணற்றிலும் ஆற்றிலும் பழகிய நீச்சல் இங்கே உதவாமற்போவதற்குக் காரணம் இருக்கிறது. அலைகள் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் நீர் எல்லாம் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். அது மணல்திட்டுகளுக்கு இடையிலுள்ள ஒரு குறுகிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே ஓடுகிறது. அந்த இடத்தில் அலை உடையாது என்பதால், மேலிருந்து பார்ப்பவனுக்கு அதுவே கடலின் அமைதியான பகுதியாகத் தோன்றும். குளிக்க வருபவன் தேடிப்போய் இறங்குவதும் அங்கேதான். எப்போதாவது அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாதீர்கள். மிதந்தபடியே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்புங்கள். மூழ்கும் நண்பனைக் காப்பாற்றக் கைகோத்துச் சங்கிலியாக இறங்குவதால்தான் ஒருவர் நால்வராகிறார்கள். மீனவர்களைக் கூவி அழையுங்கள். மிதக்கக்கூடிய எதையாவது எறியுங்கள்.

அலைச்சறுக்கு வேறு கதை. மாமல்லபுரத்திலும் வடக்கே கோவளத்திலும் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் அதைக் கற்றுத் தேர்ந்து, பிறருக்கும் கற்பிக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டியே இங்கே நடந்தது. எந்த நேரத்தில் எந்த இடத்தில் நீர் இழுக்கும் என்று பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள் அவர்கள். முதல் பாடம் இடுப்பளவு நீரில், பலகையின் கயிறு கணுக்காலில் கட்டப்பட்ட நிலையில் நடக்கும். நீச்சல் அரைகுறை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கற்பிப்பவர் இன்று கடல் சரியில்லை என்று மறுத்தால் வாதிடாமல் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: குடிப்பதற்கு என்ன நன்றாக இருக்கும்? மது அருந்த இடமுண்டா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: கோடையில் போனால் பதநீரும் நுங்கும். பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் அது வேறு பானமாகிவிடும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியதா என்று கேட்டு, பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருபவரிடம் வாங்கினால் ஓலையின் மணமும் சேர்ந்து வரும். தை மாதத்தில் போனால் குடிக்க இளநீரும், கொறிக்க அவித்த பனங்கிழங்கும் கிடைக்கும்.

மதுவுக்கு, உரிமம் பெற்ற விடுதிகளில் இடமுண்டு. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கடற்கரை மணலில் அமர்ந்து குடிப்பதும், குடித்துவிட்டுத் தண்ணீரில் கால் வைப்பதும் கூடவே கூடாது.

கேள்வி: வீட்டு முற்றத்தில் வைக்க ஒரு பிள்ளையார் சிலை வாங்க ஆசை. தெருவோரக் கடைகளில் வாங்கலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: வாங்கலாம், எந்தக் கல் என்று தெரிந்து வாங்குங்கள். சிறிய சிலைகள் பெரும்பாலும் மாக்கல்லில் ஆனவை. நகத்தாலோ சாவி முனையாலோ அடிப்பாகத்தில் கீறினால் வெள்ளைக் கோடு விழும். வீட்டுக்குள் அலமாரியில் வைக்க அது போதும். மழையிலும் வெயிலிலும் முற்றத்தில் நிற்க வேண்டுமானால் கருங்கல்லே ஏற்றது. அதற்குக் கடைக்குப் போகாமல் சிற்பக்கூடத்துக்கே போங்கள். இந்த ஊரின் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியும் இங்கேயே இருக்கிறது. உளிச் சத்தம் கேட்கும் திசையில் நடந்தாலே கூடம் வந்துவிடும். அளவைச் சொல்லி, முன்பணம் கொடுத்து, செய்து அனுப்பச் சொல்வது நல்ல முறை. முகத்தில் கண் திறக்கும் வேலையைக் கடைசியாகச் செய்வார்கள். முடிந்தால் அந்த நாளில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: மாசி மகத்தன்று கடற்கரை முழுவதும் கூடாரமாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன். அது என்ன விழா? வெளியார் போகலாமா?
— வாசகர், விழுப்புரம்

பதில்: அது இருளர் என்னும் பழங்குடி மக்களின் விழா. வடமாவட்டங்களில் சிதறி வாழும் இருளர் குடும்பங்கள் மாசிப் பௌர்ணமிக்கு முன்பே வந்து சேர்ந்து, கடற்கரைக் கோயிலுக்கு அருகிலுள்ள மணலில் கழிகளை நட்டு, புடவைகளையே சுவராகக் கட்டித் தங்குகிறார்கள். தங்கள் குலதெய்வமான கன்னியம்மன் கடலில் இருக்கிறாள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. விடியற்காலையில் அலை தொடும் இடத்தில் ஈரமணலால் படிகள் அமைத்து, பூவும் பழமும் வைத்து அவளை அழைப்பார்கள். பிள்ளைகளுக்கு மொட்டையடிப்பதும் காது குத்துவதும் அங்கேயே நடக்கும்; பெண் பார்த்துப் பேசி முடிப்பதும், தாலி கட்டுவதும்கூட அந்த மணலில்தான். ஆண்டு முழுவதும் செங்கல் சூளையிலும் வயலிலும் தோப்பிலும் பிரிந்து கிடக்கும் உறவுகள் ஒன்றாகச் சோறு பொங்கிச் சாப்பிடும் நாள் அது. பாம்பு பிடிப்பதில் இவர்களுக்குள்ள தேர்ச்சியை அறிய விரும்பினால், வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் பாம்பு நஞ்சு எடுக்கும் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தையும் பார்க்கலாம். பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

வெளியார் தாராளமாகப் போகலாம். யாரும் தடுப்பதில்லை என்பதற்காகக் கூடாரத்துக்குள் எட்டிப்பார்க்கவும், சாமி வந்து ஆடும் பெண்ணின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டவும் வேண்டாம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அன்று அறைகள் முன்கூட்டியே நிறைந்துவிடும், முன்பதிவு செய்யுங்கள். ஐந்து மணிக்கெல்லாம் மணலுக்கு வந்துவிட வேண்டும். மேற்கே கலங்கரை விளக்கக் குன்றுக்கு மேல் முழுநிலவு இறங்கிக்கொண்டிருக்கும். கிழக்கே வெளுக்கத் தொடங்கும்போது படிகளில் கற்பூரம் ஏற்றுவார்கள். வெயில் ஏறுவதற்குள் புடவைகளை அவிழ்த்து மடித்து, மூட்டை கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்துவிடுவார்கள்.