கடல்கோளைக் கண்டவர் பார்வையாளரா, சாட்சியா?

கடல்கோளை (சுனாமியை) கண்டவர்களை உங்கள் நினைவு மலரில் ‘பார்வையாளர்கள்’ என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள்; அச்சொல் அங்கே பொருந்தாது. 2004 டிசெம்பர் 26 அன்று திருகோணமலைக் கரையில் கடல் புகுந்ததைப் பார்த்தவர்களை ‘நேரில் கண்டவர்கள்’ என்றே எழுதுங்கள்.

பத்திரகாளி அம்மன் தேரையோ உதைபந்தாட்டத்தையோ விரும்பிக் காண வந்தவரே பார்வையாளர். அகராதிகள் இச்சொல்லையும் சாட்சியையும் அவதானிப்பாளரையும் அருகருகே தருவதால் உங்களுக்கு இந்த மயக்கம் நேர்ந்திருக்கலாம். தேர்தலை அவதானிப்பவர்கூட ஒரு பணியை ஏற்று வந்தவரே தவிர, தற்செயலாக அகப்பட்டவர் அல்லர்.

ஐயம் எழும் வாக்கியத்தில் ‘பார்க்க வந்தவர்’ என மாற்றி வாசித்துப் பாருங்கள். பொருள் கெட்டால் ‘பார்வையாளர்’ அங்கே ஆகாது.

ஆனால், விசாரணையில் வாக்குமூலம் அளித்தவரைச் ‘சாட்சி’ என்றே விட்டுவிடுங்கள். அதற்குரிய பழந்தமிழ்ச் சொல்லான ‘கரி’ எனக்குப் பிடித்ததுதான், எனினும் இன்றைய வாசகர் அடுப்படியையே நினைப்பார்.