நவம்பர் நாவல்: தாராளமாக இறங்குங்கள்

நவம்பர் ஒரே மாதத்தில் 50,000 சொல்லில் ஒரு நாவல் எழுதி முடிக்கும் சவாலில் (NaNoWriMo) சேர ஆசை, ஆனால் முதல் அத்தியாயத்தையே திருத்தித் திருத்தி வருடாவருடம் தள்ளிப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்த வருடம் இறங்கிவிடுங்கள். 1999-இல் அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ் பேட்டி 21 பேரோடு ஆரம்பித்தது இது. நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டதாக அறிவித்துவிட்டது, ஆனால் எழுத யார் அனுமதியும் வேண்டாமே.

கணக்குப்படி நாளைக்கு 1,667 சொல். ஐந்து நாள் தவறினால் மீதி நாட்களில் 2,000. தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடே ஒட்டிக்கொள்வதால் 50,000 சொல் ஆங்கிலத்தைவிடப் பெரிய புத்தகமாகிவிடும். வேலைக்கும் போகிறவர் என்றால் 30,000 போதும் என்பேன், நாளைக்கு 1,000. தீபாவளி நவம்பரில் வந்தால் அந்த நாட்களை இப்போதே கழித்துவிடுங்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் சோம்பல் இல்லை, திரும்பிப் படிப்பதுதான். டிசம்பர் வரை நேற்றைய பக்கத்தைத் திறக்காதீர்கள். கதாநாயகியின் ஊருக்குப் பெயர் வரவில்லையா? 'ஊர்' என்றே அடித்துவிட்டு பஸ்ஸைக் கிளப்புங்கள். இரவு நிறுத்தும்போது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விடுங்கள். மறுநாள் வெள்ளைத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது. அப்புறம், நம்பிக்கையான ஒருவருக்குத் தினமும் சொல் எண்ணிக்கையை மட்டும் அனுப்புங்கள், கதையை வேண்டாம். ஆள் கிடைக்காவிட்டால் எனக்கே அனுப்பலாம்.