"எல்லாம் ஓகேதானே?"

வணக்கம்.

பதினொரு பேர் கொண்ட ஒரு குழுவை நடத்துகிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் மேலாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். முடிவில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். 'பிரச்சினை' என்று சொல்லக் கூடாது, 'சவால்' என்று சொல்ல வேண்டும்; 'ஆனால்' கூடாது; 'நீங்கள்' என்பதற்குப் பதில் 'நாம்'. நானும் விடாமல் கடைப்பிடித்தேன். போன வாரம் குழுவில் ஒரு பையன், "சார், இன்னைக்கு மூணு சவால் இருக்கு, எதை முதல்ல சொல்லட்டும்?" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வேலை முன்போலவே தாமதமாகிறது. அதுவும் எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது. தலைவரின் சொற்களால் உண்மையிலேயே வேலை மாறுமா, இல்லை இது பயிற்சி நடத்துகிறவர்களின் பிழைப்பா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மாறும். ஆனால் (மன்னிக்கவும், இந்தச் சொல்லை நான் விடுவதாக இல்லை) உங்கள் தாளை எழுதியவர் தவறான இடத்தில் தேடியிருக்கிறார். பையன் உங்கள் முகத்துக்கு நேரே கிண்டல் செய்தானே, அது நல்ல செய்தி. கவலைப்பட வேண்டியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இன்னொரு வரி: தாமதம் எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது.

1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, நாசா அதிகாரிகளும் ராக்கெட் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தினரும் தொலைபேசியில் பேசினார்கள். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் (சுமார் 12 டிகிரி செல்சியஸ்) கீழே ஏவ வேண்டாம் என்றார்கள் தியோகால் பொறியாளர்கள். நாசாவின் லாரன்ஸ் மல்லாய், அப்படியானால் எப்போது ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா என்று கேட்டார். பிறகு தியோகால் ஆட்கள் தங்களுக்குள் பேசியபோது, மூத்த துணைத் தலைவர் ஜெரால்ட் மேசன் பொறியியல் பிரிவுத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. மறுநாள் கிளம்பிய 73-வது விநாடியில் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

இதில் யாரும் யாரையும் திட்டவில்லை, மிரட்டவில்லை. அந்த வாக்கியங்களை உங்கள் தாளில் வைத்துச் சரிபார்த்தால் எல்லாம் தேறிவிடும். அவை செய்த வேலை வேறு. பறப்பது பாதுகாப்பு என்று நிரூபிப்பதுதான் வழக்கம். அன்று இரவு, பறப்பது ஆபத்து என்று நிரூபிக்க வேண்டிய சுமை பொறியாளர்கள் தலையில் விழுந்தது. எதைச் சொன்னால் வரவேற்பு இருக்கும் என்பதை மேலே இருப்பவரின் ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. அந்தக் குழுக்களில் பிழையை மறைக்காமல் பேசினார்கள், அதனால்தான் எண்ணிக்கை கூடியது என்பது அவர் வந்து சேர்ந்த விளக்கம்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். காலைக் கூட்டத்தில் "எல்லாம் ஓகேதானே?" என்று கேட்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். பதிலையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். அவர்கள் தலையாட்டினால் போதும். "இதில் எது வெள்ளிக்கிழமைக்குள் முடியாமல் போகலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். இப்போது சும்மா இருப்பதுதான் சங்கடம், சொல்வது சுலபம். அப்புறம், ஒருவர் வந்து சொன்னதும் உங்கள் வாயில் வரும் முதல் வாக்கியம். "ஏன் முன்னாடியே சொல்லலை?" நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்த தடவை அவர் இன்னும் தாமதமாக வருவார், அல்லது வரவே மாட்டார். "சரி, இப்ப என்ன வேணும்?" என்று தொடங்குங்கள். ஏன் முன்பே சொல்லவில்லை என்பதை இரண்டு நாள் கழித்து, தனியாகக் கேட்கலாம்.

இன்னொன்று, "முடிந்தவரை சீக்கிரம்". இது மரியாதையாகத் தெரியும். தகவல் எதுவும் இல்லை. 1975-இல் லேத்தமும் பால்டஸும் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. மரம் ஏற்றும் லாரிகள் சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதமே ஏற்றிச் சென்றன. 94 சதவீதம் என்று திட்டவட்டமாக இலக்கு சொன்னதும் ஏறக்குறைய 90-க்கு வந்துவிட்டது.

பாராட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. க்ளூகரும் டெனிசியும் 1996-இல் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளை மொத்தமாகத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் பயன் தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் செயல்திறன் குறைந்திருந்தது. வேலையை விட்டுக் கவனம் ஆளின் மேல் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் வாதம். "நீ கெட்டிக்காரன்" என்பதைவிட "அந்த இரண்டாவது அட்டவணையைப் பிரித்துப் போட்டது உதவியது" மேல்.

'நாம்' பற்றிக் கேட்கவே வேண்டாம். "நாம் இன்று ராத்திரி உட்கார்ந்து முடித்துவிடலாம்" என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பும் மேலாளரை எல்லோருக்கும் தெரியும்.

ஒரு எல்லையும் உண்டு. முடிக்கும் தேதியை யார் வைக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மேலிருந்து வரும் தேதியை அப்படியே கீழே தள்ளிவிடுகிறீர்கள் என்றால், எவ்வளவு பக்குவமாகக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: முடியாது. அதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் மேலே போய்ப் பேசத் தயாரா என்பதையும் உங்கள் குழு பார்த்துக்கொண்டிருக்கும்.

அன்புடன்.